ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க, தலைசுத்தல் மட்டும் நிக்கல

கொங்குச்செல்வி | ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. இத்தனை நாளா இங்க படிக்கிறதோட சரி.

வயசு 43. திருப்பூர்ல பனியன் கம்பெனியில கணக்கு பாக்கறேன், நாள் பூரா கம்ப்யூட்டர்தான். ஆடி மாசம் ஒருநாள் விடியக்காலம் வலது பக்கமாப் புரண்டு படுத்தனுங்க, ரூமே கிர்ருனு சுத்திருச்சு. கொஞ்ச நேரத்துல தானா நின்னுருச்சு. அதுல இருந்து அப்பப்ப வருது. அது போக, நாள் பூரா தரை நிலையா இல்லாத மாதிரி ஒரு மிதப்பு. வலது பக்கம் தலைவலி, பொட்டுல இருந்து பிடரி வரைக்கும். பாதம் ரெண்டும் மரத்துப்போய் கிடக்குது, செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரியறதில்ல.

காட்டாத டாக்டர் இல்லீங்க. மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு, நார்மல். கழுத்து எக்ஸ்ரேயில தேய்மானம்னு சொல்லிப் பட்டை மாட்டிவிட்டாங்க. தலைசுத்தலுக்கு மூணு வேளை மாத்திரை. கடைசியாப் பார்த்தவரு "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா, டென்ஷன்"னு தூக்க மாத்திரை எழுதினாரு. வீட்டுல மாமியார் மிளகாய், உப்பு சுத்திப் போட்டுட்டாங்க.

சக்கரைக்கு மெட்ஃபார்மின் ஏழெட்டு வருசமா ஓடுது. காலையில வெறும் வயித்துல கேஸ் மாத்திரை. சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. யாருக்காச்சும் இப்படி இருந்து சரியாச்சுங்களா?

பொள்ளாச்சி நாட்டுக்காரர் | ஞாயிறு இரவு 10.05

பித்தம்தான் கண்ணு. இஞ்சியைத் தேன்ல ஊறப்போட்டுக் காலையில சாப்பிடு. எண்ணெய் தேச்சுக் குளி.

மெட்ரோ மணி | ஞாயிறு இரவு 10.12

எனக்கும் இதே கதை. யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க, இழையைப் பின்தொடர்கிறேன்.

வார்டு அக்கா | திங்கள் காலை 6.30

மதுரையில நரம்பியல் வார்டுல சிஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவ. டாக்டர் இல்ல, அதனால மருந்து சொல்ல மாட்டேன். எதை எப்படி டாக்டர்கிட்ட கேக்கணும்னு சொல்றேன்.

மொதல்ல படிக்கிற எல்லாருக்கும் ஒண்ணு. திடீர்னு சுத்தல் வந்து, அதோட பேச்சுக் குழறுது, ரெண்டு ரெண்டாத் தெரியுது, எச்சில் முழுங்க முடியல, ஒரு பக்கம் முகமோ கையோ இழுக்குது, பிடிச்சுக்கிட்டாக்கூட நிக்க முடியலன்னா இந்த மாதிரி இடத்துல வந்து கேக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். சில நொடியில உச்சிக்குப் போற தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்புமா வர்ற தலைவலி, அம்பது வயசுக்கு மேல புதுசா வந்து, மெல்லும்போது தாடையும் வலிக்கிற தலைவலி, இதுக்கெல்லாமும் அன்னிக்கே போகணும். அங்க "சி.டி. நார்மல்"னு சொன்னா நிம்மதியா வீட்டுக்கு வந்துராதீங்க. சிறுமூளை, மூளைத்தண்டுப் பக்கம் வர்ற அடைப்பை சி.டி. பெரும்பாலும் காட்டாது. எம்.ஆர்.ஐ. கூட முதல் ரெண்டு நாள்ல சில நேரம் விட்டுரும்.

செல்விக்கு அந்த மாதிரி இல்ல, மாசக்கணக்கா இருக்கு. இதுல நான் பாத்தது ஒண்ணுதான்: எல்லாரும் "எனக்கு எப்படி இருக்குன்னா"ன்னு விவரிக்கிறாங்க, சுத்துதா, மிதக்குதா, கண்ணு இருட்டுதான்னு. அதையே நாளைக்குக் கேட்டா மாத்திச் சொல்வாங்க. டாக்டருக்குப் பயன்படுறது வேற. எப்ப வருது, வந்தா எவ்வளவு நேரம் நிக்குது, என்ன செஞ்சா வருது. ஸ்கேன் படத்துல இது எதுவும் இருக்காது. உங்க வாயிலதான் இருக்கு.

அதனால கேக்கறேன். அந்தப் படுக்கைச் சுத்தல் நொடிக்கணக்கா, மணிக்கணக்கா? எந்திரிச்சு நின்னா மோசமாகுதா? காது அடைக்குதா, இரைச்சல் இருக்கா? தலைவலி வரும்போது வெளிச்சம், சத்தம் பிடிக்குதா? குளிக்கையில சோப்பு போட்டுக் கண்ணை மூடினா தள்ளாடுதா? அப்புறம் முக்கியமா, தலைவலிக்கு மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுறீங்க?

கொங்குச்செல்வி | திங்கள் மதியம் 1.15

அக்கா, இத்தனை கேள்வி இதுவரைக்கும் யாரும் கேக்கலீங்க.

படுக்கைச் சுத்தல் அரை நிமிசம் இருக்குமுங்க. வலது பக்கம் திரும்பினா, பரண்ல எதாச்சும் எடுக்க அண்ணாந்தா. நின்னா அப்படி ஒண்ணும் இல்ல. காது நல்லாக் கேக்குது. தலைவலி அன்னைக்கு லைட்டை அணைச்சுப் படுத்துக்குவேன், சாயப்பட்டறைப் பக்கம் போனா அந்த நாத்தத்துக்கே குமட்டும். மாச விலக்குக்கு முன்னாடி கட்டாயம் வரும். அன்னைக்கு மிதப்பும் ரெண்டு மூணு மணி நேரம் தூக்கலா இருக்கும்.

சோப்புக் கேள்விதாங்க அக்கா பகீர்னு ஆயிருச்சு. தலைக்குத் தண்ணி ஊத்தும்போது ஒரு கையில குழாயைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன். அது பழக்கம்னு நெனச்சுட்டு இருந்தேன்.

மாத்திரை... கடையில தலைவலிக்குன்னு கேட்டா தருவாங்கல்ல, காப்பிச் சத்து கலந்தது. ரெண்டு நாளைக்கு ஒண்ணு போட்டுருவனுங்க. ஆபீஸ் டிராயர்ல அட்டையாவே இருக்கும்.

காதுக்குள்ள | திங்கள் இரவு 8.50

காது-மூக்கு-தொண்டைப் பிரிவில கேள்திறன், சமநிலைப் பரிசோதனை செய்யறவன் நான். செல்வி சொன்னதைப் படிச்சதும் எனக்கு ஒரே நோயாத் தெரியல. மூணோ நாலோ ஒண்ணு மேல ஒண்ணா ஏறி உக்காந்திருக்கு. அதனாலதான் ஒரு டாக்டர் ஒண்ணைப் பிடிச்சா இன்னொண்ணு நழுவுது.

படுக்கைச் சுத்தலைச் சொல்றேன். உள்காதுல கால்சியம் கார்பனேட் துகள் ஒரு பையில ஒட்டியிருக்கும். புவியீர்ப்பை உணர்றதுக்கு அது வேணும். அது கழண்டு பக்கத்துல இருக்கிற அரைவட்டக் குழாய்க்குள்ள விழுந்துட்டா, தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்ள இருக்கிற திரவத்தைத் தள்ளும். நீங்க திரும்பி முடிச்ச பிறகும் மூளைக்கு "இன்னும் சுத்துது"ன்னு சேதி போகும். ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்கிடும். இதை எந்த ஸ்கேனும் காட்டாது.

கண்டுபிடிக்க ஒரு கட்டில் போதும். உக்கார வச்சு, தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, சட்டுனு படுக்க வச்சு, தலை கட்டில் விளிம்புக்குக் கீழ கொஞ்சம் தொங்கற மாதிரிப் பிடிக்கணும். நோயாளி கண்ணைத் திறந்தே வச்சிருக்கணும். சில நொடி ஒண்ணும் நடக்காது. அப்புறம் கருவிழி தரையைப் பாத்துச் சுழன்று சுழன்று துடிக்க ஆரம்பிக்கும். அந்தத் துடிப்பைப் பாத்துட்டா வேற சந்தேகமே வேணாம். டிக்ஸ், ஹால்பைக்னு ரெண்டு பேர் 1952-ல விவரிச்ச சோதனை இது. செலவு பூஜ்யம். அதனாலதானோ என்னவோ யாரும் செய்யறதில்ல.

வைத்தியமும் தலையை வரிசையாத் திருப்பித் துகளை வந்த வழியே அனுப்பறதுதான். அமெரிக்காவுல எப்ளின்னு ஒரு காது டாக்டர் கொண்டுவந்தார், அவர் பேர்லயே வழங்குது. ஒரு தடவையிலேயே நின்னுபோறவங்க நிறைய. யூடியூப் பாத்து நீங்களே செய்யாதீங்க. எந்தப் பக்கம், எந்தக் குழாய்னு தெரியாமப் பண்ணினா வேற குழாய்க்குள்ள போய் உக்காரும்.

தேனிக்காரன் | திங்கள் இரவு 9.30

எனக்கும் இதேதான் இருந்துச்சு. கழுத்து எலும்பு தேய்மானம்னு சொல்லி காலர் போட்டாங்க, மூணு வாரத்துல நின்னுடுச்சு. காதுன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன்.

காதுக்குள்ள | திங்கள் இரவு 9.52

> காலர் போட்டாங்க, மூணு வாரத்துல நின்னுடுச்சு

இந்தத் துகள் பிரச்சினை பல பேருக்குச் சில வாரத்துல தானாவே அடங்கிடும் சார். காலர் போட்டிருந்தா தலையைத் திருப்ப மாட்டீங்க, திருப்பலன்னா சுத்தலும் வராது. நாப்பது தாண்டின பல பேர் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தா கொஞ்சம் தேய்மானம் இருக்கும். சுத்தலே இல்லாதவங்களுக்கும் இருக்கும். கழுத்துல நரம்பு அழுந்தினா கை மரத்துப்போகும், தோள்பட்டைக்கு வலி இறங்கும். படுக்கையில புரண்டா அரை நிமிஷம் வீடு சுத்தறதுக்கு அந்த எக்ஸ்ரேயைக் காரணம் காட்டறது நம்ம ஊர்ல ஒரு சடங்காவே ஆயிடுச்சு.

தேனிக்காரன் | திங்கள் இரவு 10.01

சடங்கோ என்னமோ, எனக்கு நின்னுச்சு.

வார்டு அக்கா | செவ்வாய் காலை 6.10

செல்வி, ரெண்டு நாளைக்கு ஒண்ணுன்னா மாசத்துக்குப் பதினஞ்சு. உங்க தலைவலியில பாதி அந்த டிராயருக்குள்ளயே இருக்கும்மா.

சாதா வலி மாத்திரைன்னா மாசத்துல 15 நாள், காஃபின் கலந்த கூட்டு மாத்திரை, ஒற்றைத் தலைவலிக்குன்னே குடுக்கிற டிரிப்டான் மாதிரியானதுன்னா 10 நாள். மூணு மாசத்துக்கு மேல இந்தக் கணக்கு போச்சுன்னா மாத்திரையே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பிச்சிரும். மாத்திரை இறங்கினா வலி, வலிக்கு மாத்திரை. நிறுத்தும்போது முதல்ல ஒரேயடியாக் கூடும், அப்புறம்தான் இறங்கும். டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க. வெளிச்சம், நாத்தம், விலக்குக்கு முந்தி வர்றது, இதெல்லாம் ஒற்றைத் தலைவலியோட அடையாளம். அதுக்குத் தடுப்பு மருந்து தனியா இருக்கு.

அடுத்தது கால். மெட்ஃபார்மின் வருசக்கணக்கா, கேஸ் மாத்திரை, அதோட முட்டைகூடத் தொடாத சைவம். இந்த மூணும் ஒருத்தர்கிட்ட சேந்திருந்தா நரம்புக்கு வேண்டிய பி12 வைட்டமின் குறைஞ்சிருக்கான்னு பாக்காம நான் விடமாட்டேன். கால் நரம்புல உணர்ச்சி குறைஞ்சா, நம்ம கால் எங்க இருக்குன்னு கண்ணுதான் மூளைக்குச் சொல்லணும். கண்ணை மூடினா, இருட்டுல நடந்தா தள்ளாடும். நீங்க குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது அதுதான்னு சந்தேகப்படுறேன். சக்கரையே நரம்பைத் தின்னுருக்கலாம், அதையும் பாக்கணும். "ஹீமோகுளோபின் 12 இருக்கு, பி12 எல்லாம் எதுக்கு"ன்னு சொல்றவங்க உண்டு. ரத்தசோகை வராமலே நரம்பு கெடும். வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா ரத்தம் சரியாயிரும், நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே போகும்.

மெட்ஃபார்மினை நீங்களா நிறுத்திராதீங்க. அது வேற வம்பு.

பசுமை விரும்பி | செவ்வாய் காலை 9.00

சைவத்தைக் குறை சொல்லாதீங்க. சுருள்பாசியில பி12 ஏராளமா இருக்கு.

காதுக்குள்ள | செவ்வாய் காலை 9.20

அதுல இருக்கிறது பெரும்பாலும் போலி பி12. நம்ம உடம்பு எடுத்துக்காது. பால், தயிர்ல உண்மையானது இருக்கு, ஆனா குறைபாடு ஆழமாப் போனவங்களுக்கு அது காணாது.

இணுவில் மதி | செவ்வாய் மாலை 7.45

வணக்கம். நான் டொரண்டோவில இருந்து எழுதுறன். உங்கட கதையோட நேரடியாப் பொருந்தாது, எண்டாலும் ஆருக்காவது உதவும்.

எங்கட வீட்டு நிலக்கீழ் அறையில வாடகைக்கு இருந்த பெடியனுக்குப் பனிக்காலம் தொடங்கினா தலையிடி, தலைசுத்து, சத்தி வாற மாதிரி. வேலைக்குப் போனாச் சுகம், வீட்டை வந்து படுத்தாத் திரும்பவும் தொடங்கும். டொக்டர் மைக்ரேன் எண்டு மருந்து குடுத்தவர். பிறகு ஹீற்றர் பாக்க வந்த ஆள்தான் கையில இருந்த மீற்றரைப் பாத்திட்டு எல்லாரையும் வெளியில போகச் சொன்னவர். காபன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயு. மணமும் இல்லை, நிறமும் இல்லை. இஞ்ச ஒன்ராறியோவில 2014 இல இருந்து அலாரம் வைக்க வேணும் எண்டு சட்டம். அலாரம் இருந்தது, பற்றரிதான் இல்லை.

குன்னூர் குளிர் | செவ்வாய் இரவு 8.20

இது நம்ம ஊருக்கும் பொருந்தும் மதி. கேஸ் கீசரைச் சின்ன பாத்ரூமுக்குள்ளேயே மாட்டி, ஜன்னலையும் குளிருக்கு அடைச்சிடறாங்க. குளிக்கப் போனவங்க உள்ளயே மயங்கிக் கிடப்பாங்க, பார்த்தா வலிப்பு மாதிரி இருக்கும். மலையில கரி அடுப்பை அறைக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டுத் தூங்கி எந்திரிக்காமலே போனவங்களும் உண்டு. வீட்டுல இருந்தா வருது, வெளிய போனா சரியாகுது, வீட்டுல மத்தவங்களுக்கும் தலைவலின்னா இதை யோசிங்க. விரல்ல மாட்டற ஆக்ஸிஜன் மீட்டரை நம்பாதீங்க, அது இந்த விஷவாயு ஏறின ரத்தத்தையும் நல்ல ரத்தம்னே காட்டும். கார்பாக்ஸிஹீமோகுளோபின்னு கேட்டு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லணும்.

எண்ணூர் வாசி | புதன் காலை 7.30

தண்ணியையும் சொல்லுங்க. 2020 டிசம்பர்ல ஆந்திராவுல ஏலூர்ல என்ன நடந்துச்சு? நூத்துக்கணக்கான பேர் திடீர்னு வலிப்பு, தலைசுத்தல், தலைவலின்னு ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. டெல்லி எய்ம்ஸ் பாத்த ரத்தத்துல ஈயமும் நிக்கலும் இருந்துச்சு. பூச்சிமருந்து மேலயும் சந்தேகம் போச்சு. அது மாதிரி திருப்பூர்ல சாயத் தண்ணி நெலத்தடியில கலந்து...

வார்டு அக்கா | புதன் காலை 8.15

ஏலூர் ஞாபகம் இருக்கு. ஆனா அங்க ஒரே நாள்ல தெருத் தெருவா விழுந்தாங்க. செல்வி வீட்டுல அவங்களுக்கு மட்டும்தான். அதே தண்ணியைத்தானே மாமியாரும் குடிக்கிறாங்க?

ஈயத்துக்கு நான் தண்ணியைவிட வேற ரெண்டைத்தான் முதல்ல கேப்பேன். வீட்டுல யாராவது பழைய பேட்டரி உருக்குறாங்களா, நகைப்பட்டறை இருக்கா. லேபிள் இல்லாத பஸ்பம், செந்தூரம் சாப்பிடுறாங்களா. 2004-ல அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்துக் கடைகள்ல வித்த தெற்காசிய ஆயுர்வேத மருந்து 70-ஐ எடுத்துச் சோதிச்சதுல 14-ல ஈயம், பாதரசம், ஆர்சனிக் இதுல ஒண்ணாவது இருந்துச்சு.

பொள்ளாச்சி நாட்டுக்காரர் | புதன் காலை 8.40

முறைப்படி சுத்தி செஞ்ச பஸ்பத்துல விசம் நிக்காது. சித்தர்கள் முட்டாள்களா? இங்கிலீஸ் மருந்துல பக்க விளைவே இல்லையா?

நெறியாளர் | புதன் காலை 9.10

சித்தா, அலோபதி சண்டைக்கு ஏற்கெனவே 40 பக்க இழை ஒண்ணு இருக்கு, அங்க போகவும். இதுக்கு மேல வந்த ஆறு பதிவுகளை நீக்கியிருக்கேன்.

மன்னார்குடி மாப்பிள்ளை | புதன் மதியம் 12.30

நாட்டுக்காரர் ஐயா கேட்டதுல நியாயம் இருக்கு, பக்க விளைவுன்னு ஒண்ணு உண்டு. எங்கப்பாவுக்கு 71. தலைசுத்தலுக்குன்னு யாரோ எழுதிக்கொடுத்த சின்னாரிசைன் மாத்திரையை, சீட்டைக் காட்டிக் காட்டிக் கடையில வாங்கி வருஷக்கணக்கா போட்டுக்கிட்டு இருந்தார். கை நடுங்க ஆரம்பிச்சது, நடை சுருங்கிப்போச்சு, முகத்துல சிரிப்பே இல்லை. பார்கின்சன்னு பயந்து கூட்டிக்கிட்டுப் போனா, நரம்பு டாக்டர் மருந்துப் பையைக் கொட்டச் சொல்லி ஒவ்வொண்ணாப் பார்த்து இந்த மாத்திரையை எடுத்து ஓரமா வச்சார். நிறுத்தினதும் பல மாசத்துல மெதுவா இறங்குச்சு.

எங்க அத்தைக்கு வேற. பிரஷருக்கு நீர் மாத்திரை. தலைசுத்தல், குழப்பம், பேரனைப் பேர் மாத்திக் கூப்பிடறது. வயசாயிட்டா மறதின்னு விட்டிருந்தோம். ரத்தத்துல சோடியம் 118. சாதாரணமா 135-க்கு மேல இருக்கணுமாம்.

காதுக்குள்ள | புதன் இரவு 9.00

மாப்பிள்ளை சொன்னதை எல்லாரும் வீட்டுப் பெரியவங்களுக்காக ரெண்டு தடவை படிங்க. சின்னாரிசைன், புரோகுளோர்பெரசைன், ஃப்ளூனரிசைன் மூணும் அப்படிப் பண்ணும். சுத்தல் தாங்க முடியாத சில நாளைக்குன்னா சரி, வருஷக்கணக்குல போடறதுக்கு இல்ல. அதோட மூளை தானாச் சமநிலையைக் கத்துக்கறதையும் இந்த வகை மாத்திரைகள் தாமதப்படுத்தும். செல்விக்குக் கொடுத்த அந்த மூணு வேளை மாத்திரை அனேகமா பீட்டாஹிஸ்டினா இருக்கும். அது கை நடுக்கம் தராது, ஆனா பெருசாப் பலன் தருமாங்கறதும் கேள்விதான். உள்காதுக் கோளாறால சுத்தல் வர்ற மெனியர் நோய்க்கே 2016-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட அது உசத்தியா இல்ல.

பெரியவங்களுக்கு இன்னொண்ணு. படுத்திருக்கும்போது ஒரு தடவை, எந்திரிச்சு நின்னு ஒரு நிமிஷத்துல, மூணு நிமிஷத்துல பிரஷர் பாக்கச் சொல்லுங்க. மேல் எண் 20, இல்ல கீழ் எண் 10 இறங்கினா அதுவே காரணமா இருக்கலாம். புராஸ்டேட் மாத்திரை, பிரஷர் மாத்திரை ரெண்டும் இதைச் செய்யும். உக்கார வச்சே பிரஷர் பார்த்தா ஒண்ணும் தெரியாது.

மெட்ரோ மணி | வியாழன் காலை 11.00

எனக்கு இதுல எதுவும் இல்லை. எல்லா டெஸ்டும் நார்மல், பி12 உட்பட. ஒரு வருஷம் முன்னாடி ஒரு பெரிய சுத்தல் வந்துச்சு, அது போயிடுச்சு. ஆனா அன்னிலேர்ந்து மால், சூப்பர் மார்க்கெட் உள்ள நடந்தா தரை ஆடுது. போன்ல ஸ்க்ரோல் பண்ணினா குமட்டுது. படுத்தா சரியாகுது. மனசுல பிரச்சினைன்னு சொல்லி சைக்யாட்ரிஸ்ட் கிட்ட அனுப்பினாங்க. நான் போகல. நான் என்ன நடிக்கறேனா?

காதுக்குள்ள | வியாழன் இரவு 8.30

நடிக்கல மணி. இதுக்குப் பேரே இருக்கு, பி.பி.பி.டி.ன்னு சுருக்கமாச் சொல்வாங்க. விடாம நீடிக்கிற, நிக்கும்போது கூடுற, கண்ணு முன்னாடி அசைவு கூடினா மோசமாகிற தலைசுத்தல். மூணு மாசத்துக்கு மேல, பெரும்பாலான நாள் இருக்கணும். சமநிலைக் கோளாறுகளை ஆராயற உலக அமைப்பான பாரனி சங்கம் 2017-ல இதுக்கு வரையறை கொடுத்துச்சு. முதல் தாக்குதல்ல பயந்த மூளை காதை நம்பறதை விட்டுட்டுக் கண்ணையே பிடிச்சுக்குது. காது சரியான பிறகும் விட மாட்டேங்குது. உடம்பை விறைப்பா வச்சுக்கிட்டு ஒவ்வொரு அடியையும் கவனிச்சு நடக்கறீங்களா? அதுவே இதை வளக்கும்.

சமநிலைப் பயிற்சி, சில பேருக்கு மனச்சோர்வு, பதற்றத்துக்குக் கொடுக்கற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்து, அதோட நடத்தைச் சிகிச்சை. சைக்யாட்ரிஸ்ட்கிட்ட அனுப்பினது தப்பில்ல, "மனசு"ன்னு ஒரே சொல்லுல முடிச்சு அனுப்பினதுதான் தப்பு. ஹவானா விவகாரம் தெரியுமா? 2016-ல கியூபாவுல இருந்த அமெரிக்கத் தூதரக ஆட்களுக்குத் தலைவலி, தலைசுத்தல். மர்ம ஆயுதம் அது இதுன்னு உலகமே பேசுச்சு. 2024-ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அவங்களைப் பரிசோதிச்சு வெளியிட்டது. எம்.ஆர்.ஐ.யில மத்தவங்களோட ஒப்பிட்டா சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல, ஆனா கால்வாசிக்கும் மேற்பட்டவங்களுக்குச் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு, அதாவது மூளையில சேதம் இல்ல, அது வேலை செய்யற விதம்தான் பிசகியிருக்கு. அதுலயும் பெரும்பாலும் இதே பி.பி.பி.டி.தான். அவங்க யாரும் பொய் சொல்லல, அவதிப்பட்டது நிஜம்.

மெட்ரோ மணி | வியாழன் இரவு 8.55

அந்தப் பயிற்சி சென்னையில யார் கத்துக்கொடுப்பாங்க?

காதுக்குள்ள | வியாழன் இரவு 9.05

வெஸ்டிபுலர் பயிற்சி தெரிஞ்ச பிசியோதெரபிஸ்ட்னு கேட்டு விசாரிங்க. கழுத்துக்கு இழுவை வைக்கிறவர்கிட்ட போயிடாதீங்க. (தேனிக்காரர் மன்னிக்க.)

கொங்குச்செல்வி | அடுத்த மாதம், ஞாயிறு காலை 10.20

எல்லாருக்கும் கும்பிடு. சொல்லாமப் போயிட்டாளேன்னு நெனச்சிருப்பீங்க.

காது டாக்டரு அந்தக் கட்டில் சோதனையைப் பண்ணினாருங்க. வலது பக்கம் சாய்ச்சதும் கத்திட்டேன், அவரு சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டேன். "கண்ணை மூடாதீங்க, மூடாதீங்க"ன்னு அவரு சொல்றாரு, எனக்கா வீடே கவுந்துட்டு இருக்குது. அப்பவே தலையைத் திருப்பித் திருப்பி அந்த வைத்தியமும் பண்ணிட்டாரு. மறுவாரம் இன்னொரு தடவை. இப்ப புரண்டு படுக்கறேன், ஒண்ணும் இல்லீங்க. கழுத்துப் பட்டையைக் கழட்டி வச்சாச்சு.

பி12 வந்து 148. நார்மல் 200-க்கு மேலன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்குது. ஹீமோகுளோபின் 12.4 தான், அதனால யாருக்கும் சந்தேகம் வரலையாட்ட இருக்குது. ஊசி போட்டுட்டு இருக்காங்க. நரம்பு டாக்டரு கவை மாதிரி ஒரு இரும்புக் கம்பியை அடிச்சு அதிர வச்சுக் கால் கட்டை விரல்ல வச்சாரு, எனக்கு அது அதிர்றதே தெரியல. கை விரல்ல வச்சப்பத்தான் ஓஹோ இப்படி இருக்கணுமான்னு தெரிஞ்சுது. கால் மரப்பு மெதுவாத்தான் குறையும், கொஞ்சம் மிச்சம் நின்னாலும் நிக்கும்னு சொல்லிட்டாரு. 

வலி மாத்திரையை நிறுத்தின மொத வாரம் நரகமுங்க, லீவு போட்டுட்டேன். இப்ப தலைவலி பாதிக்குப் பாதி. மிதப்பும் அதோட வர்றதால தலைசுத்தலோட வர்ற ஒற்றைத் தலைவலின்னு எழுதித் தடுப்பு மாத்திரை குடுத்திருக்காரு. வர்ற நாளையெல்லாம் காலண்டர்ல வட்டம் போடச் சொன்னாரு. இந்த மாசம் வட்டம் இன்னும் கொஞ்சம் நிறையவேதான் இருக்குது.

பொள்ளாச்சி நாட்டுக்காரர் | ஞாயிறு காலை 10.45

சந்தோசம் கண்ணு. இஞ்சியையும் விட்டுராத.

அருப்புக்கோட்டை தம்பி | ஞாயிறு மதியம் 2.10

அக்கா, அவசரமா ஒரு கேள்வி. என் தங்கச்சிக்குப் பிரசவமாகி பதினோரு நாளாச்சு. நாலு நாளாத் தலைவலி, நாளுக்கு நாள் கூடுது, படுத்தா இன்னும் அதிகம். வாந்தி. நேத்து சி.டி. எடுத்தோம், நார்மல்னு சொல்லி வலி மாத்திரை குடுத்தாங்க. பச்சை உடம்பு, தண்ணி அதிகம் குடிக்கக் கூடாதுன்னு அம்மா குறைச்சுத்தான் குடுக்குறாங்க. இன்னிக்கு இடது கை அசதியா இருக்குன்னு சொல்றா. ஒற்றைத் தலைவலியா இருக்குமா?

வார்டு அக்கா | ஞாயிறு மதியம் 2.14

இல்ல. இப்பவே கெளம்புங்க தம்பி, நரம்பியல் டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு. பிரசவத்துக்கு அப்புறம் மூளையில இருந்து ரத்தம் திரும்பிப் போற சிரைக்குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சுக்கும். தண்ணி குடிக்காம வச்சிருந்தா இன்னும் மோசம். சாதா சி.டி.யில நார்மலாவே தெரியலாம். சிரைக்குழாயைப் பாக்குற எம்.ஆர்.வி. எடுக்கணும்னு கேளுங்க. பிரசவத் தேதியை முதல் வாக்கியத்துலயே சொல்லுங்க. போனதும் பிரஷரும் பாக்கச் சொல்லுங்க, பிரசவம் முடிஞ்ச பிறகும் பிரஷர் ஏறி வலிப்பு வரும்.

அருப்புக்கோட்டை தம்பி | திங்கள் இரவு 11.30

மதுரையில சேத்திருக்கோம். நேத்து ராத்திரி ஆம்புலன்ஸ்லயே ஒரு வலிப்பு வந்துச்சு. எம்.ஆர்.வி.யில நீங்க சொன்ன மாதிரியே அடைப்பு. ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் ஊசி ஆரம்பிச்சிட்டாங்க. இன்னிக்குக் கை பரவால்ல, பேசுறா. பிள்ளைக்குப் பால் குடுக்கலாமான்னு அம்மா அழுறாங்க.

வார்டு அக்கா | செவ்வாய் காலை 5.50

ஹெப்பாரினுக்குப் பால் குடுக்கத் தடை இல்ல. வலிப்பு மருந்து என்ன போடுறாங்கன்னு பேரைச் சொல்லி டாக்டர்கிட்டயே கேட்டுக்கங்க. ரத்தம் உறையாம இருக்க மருந்து மாசக்கணக்குல ஓடும், நடுவுல நிறுத்த விடாதீங்க. வீட்டுக்கு அனுப்புற சீட்டுல இன்னொண்ணு எழுதி வாங்குங்க: குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இவளுக்கு ஆகாது. அடுத்த பிரசவத்துக்கும் அந்தச் சீட்டு வேணும், லேமினேட் பண்ணி வச்சிருங்க. அம்மாகிட்ட சொல்லுங்க, தண்ணி கேக்கும்போதெல்லாம் குடுக்கணும்னு.